நகரம் கொடுத்த விலை: ஓஸ்லோவின் ஆகர்ஷூஸ் கோட்டை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கோட்டைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று பணித்தீர்கள். நம் ஊர்க் கோட்டைகளைப் பற்றி இந்த மேடையில் என்னைவிட வல்லவர்கள் பேசியிருக்கிறார்கள். ஆகவே உங்களைச் சற்றுத் தொலைவாக, நார்வே நாட்டின் தலைநகரான ஓஸ்லோவுக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். இந்தப் பெயர் தமிழர் காதுக்குப் புதிதல்ல. இலங்கையின் 2002 போர்நிறுத்த உடன்பாட்டுக்கு நார்வே நடுவராக இருந்த காலத்தில் நம் நாளிதழ்களில் அடிபட்ட பெயர். ஈழத் தமிழர் பலர் குடியேறி வாழும் நகரமும்கூட. அந்த நகரின் துறைமுகத்துக்கு மேலே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனையில் ஆகர்ஷூஸ் என்ற கோட்டை எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

அந்நிய நாட்டுப் படை எதுவும் முற்றுகையிட்டு வென்றதில்லை என்பதே இந்தக் கோட்டையைப் பற்றி முதலில் சொல்லப்படும் பெருமை. அது உண்மைதான். ஆனால் அந்தப் பெருமையின் மறுபக்கத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கோட்டை தப்பிய போதெல்லாம் அதன் காலடியில் இருந்த நகரம் தப்பியதா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது. ஆகர்ஷூஸ் காத்தது ஆட்சியை. ஆட்சிக்கு வேண்டிய கால அவகாசத்தை. அதற்கான விலையைப் பல முறை நகரமே கொடுத்தது. இதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

நகருக்கு எதிர்க்கரையில்

ஓஸ்லோ ஃபியோர்டு என்பது சுமார் நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்துக்குள் புகுந்திருக்கும் கடற்கழி. அதன் தலைமாட்டில், ஏக்கபெர்க் குன்றின் அடிவாரத்தில், இடைக்கால ஓஸ்லோ இருந்தது. பெரும்பாலும் மரவீடுகள். நடுநடுவே கல்லில் எழுந்த தேவாலயங்கள், ஆயர் மாளிகை, நீரோரமாக மன்னர் மாளிகை, அதற்கருகே புனித மரியாள் தேவாலயம்.

1287-இல் இந்த நகரின் மீது ஒரு பிரபு பாய்ந்தார். பெயர் அல்வ் எர்லிங்சன். எதிரி நாட்டவர் அல்லர். நார்வே மன்னரால் ஏர்ல் பட்டம் பெற்று உயர்ந்தவர். அரசவைக்குள் எழுந்த பகை முற்றிக் கலகமாக வெடித்தபோது ஓஸ்லோ கொள்ளையிடப்பட்டது, எரிந்தது. நகரைக் காத்து நின்ற ஹால்கெல் என்ற பிரபு கொல்லப்பட்டார். அல்வ் தப்பியோடி, மூன்று ஆண்டுகள் கழித்து டென்மார்க் ஆட்சிப்பகுதியில் பிடிபட்டு, 1290-இல் கொடிய தண்டனைக்கு ஆளாகி இறந்தார்.

அப்போது கிழக்கு நார்வேயை ஆண்டுகொண்டிருந்தவர் மன்னரின் தம்பி ஹோகோன். ஓஸ்லோவே அவருடைய இருப்பிடம். தன் வாசலிலேயே நடந்த அந்தக் கொள்ளையை அவர் மறக்கவில்லை. அண்ணன் இறந்தபின் 1299-இல் ஐந்தாம் ஹோகோன் என்ற பெயரில் அவர் முடிசூடினார். பதினான்காம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் ஆகர்ஷூஸின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. கோட்டையைக் குறிப்பிடும் முதல் ஆவணம் 1300-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அவர் தேர்ந்த இடத்தைக் கவனியுங்கள். நகரைச் சுற்றி மதில் எழுப்பவில்லை. நகரிலிருந்து விரிகுடாவைத் தாண்டி, மேற்கே இருந்த பாறை முனையில் கோட்டையை எழுப்பினார். மூன்று பக்கம் நீரும் சரிவும். நிலவழி ஒரு பக்கம் மட்டும். உச்சியில் ‘துணிச்சல்காரன்’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு பெருங்கோபுரம். துறைக்குள் வரும் ஒவ்வொரு கப்பலும் அங்கிருந்து தெரியும். நகரமும் தெரியும். ஆனால் நகரத்து மக்கள் அந்த மதிலுக்குள் இல்லை.

ஹோகோன் தனியாக ஒரு கோட்டையோடு நிற்கவில்லை. தெற்கு எல்லையில் ஆற்றுத் தீவொன்றில் போஹூஸ் கோட்டை, வடகோடியில் துருவக் கடலோரத்தில் வார்டோஹூஸ் அரண் ஆகியவையும் அவர் காலத்தவை. இவற்றை ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தால் நோக்கம் புரியும். அதுவரை நார்வே மன்னர்களின் பார்வை மேற்குக் கடலை, பெர்கன் நகரை நோக்கியே இருந்தது. ஹோகோன் அதைக் கிழக்கே திருப்பினார். சுவீடனும் டென்மார்க்கும் இருந்த திசைக்கு. 1314-இல் மரியாள் தேவாலயத்தின் தலைமைக் குருவே என்றென்றைக்கும் அரசின் முத்திரை காக்கும் அமைச்சர் என்று ஆணையிட்டார். முத்திரை இருக்கும் ஊர்தானே தலைநகரம்? அந்த முத்திரைக்குக் காவலாகக் கோட்டை எதிர்க்கரையில் நின்றது.

முதல் சோதனை விரைவிலேயே வந்தது. 1308-இல் சுவீடன் இளவரசர் எரிக் படையோடு வந்து முற்றுகையிட்டார். கோட்டை தாங்கியது, அவர் திரும்பினார். நான்கே ஆண்டுகளில், 1312-இல், அதே எரிக் ஹோகோனின் மகள் இங்கெபியோர்கை மணந்து மருமகனாக வந்தார். அவர்களுக்குப் பிறந்த மாக்னுஸ், 1319-இல் ஹோகோன் ஆண் வாரிசின்றி இறந்ததும் நார்வேக்கும், அதே ஆண்டில் சுவீடனுக்கும் மன்னரானான். அப்போது அவன் மூன்று வயதுக் குழந்தை. மதிலேறி வர முடியாதவருடைய மகன் மணவழியாக அரியணைக்கு வந்துவிட்டான். கல்லால் கட்டிய எந்த அரணும் இந்த வழியை அடைக்க முடியாது.

வெறுங்களஞ்சியம்

அரணைப் பற்றித் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், எதிரியால் கொள்ள முடியாமை, உள்ளே உணவுடைமை, இருப்பவர்க்கு நிலைத்து நிற்க எளிமை என்று இலக்கணம் சொல்கிறார். இந்த மூன்றில் நடுவில் இருப்பது கோட்டைகளின் வரலாற்றில் எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படும் செய்தி. ஆகர்ஷூஸில் அதற்கு ஓர் அரசியின் கையெழுத்தே சான்றாக இருக்கிறது.

டென்மார்க் மன்னர் வால்டெமாரின் மகள் மார்கிரேத்தே, பத்து வயதில், 1363-இல், நார்வேயின் ஆறாம் ஹோகோனுக்கு மணம் முடிக்கப்பட்டாள். புனித பிர்கிட்டாவின் மகளான மார்த்தாவின் கண்டிப்பான வளர்ப்பில் அவள் நார்வேயில் வளர்ந்தாள். 1370 அக்டோபரில், பதினேழு வயதில், ஆகர்ஷூஸிலிருந்து கணவனுக்கு அவள் எழுதிய கடிதம் இன்றும் எஞ்சியிருக்கிறது. எனக்கும் என்னோடு இருக்கும் பணியாளர்களுக்கும் உணவும் பானமும் போதவில்லை. வணிகர் ஒருவரிடம் கடன் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் வேலைக்காரர்கள் என்னை விட்டுப் போய்விடுவார்கள் என்பது அதன் சாரம். அப்போது அவள் நிறைகர்ப்பிணி. அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் கோட்டையிலேயே அவளுக்கு ஓலாவ் என்ற மகன் பிறந்தான்.

ஒரு நாட்டின் அரசி சமையலறைக்குக் கடன் கேட்கும் நிலை ஏன் வந்தது? இருபது ஆண்டுகளுக்கு முன், 1349-இல், கொள்ளைநோய் நார்வேக்குள் நுழைந்தது. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் மடிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. உழுவாரில்லாமல் பண்ணைகள் பாழடைந்தன, வரி வற்றியது. நார்வே தன் தானியத்தில் ஒரு பகுதியை ஜெர்மானிய ஹான்சா வணிகர்களிடம் வாங்கி வந்த நாடு. 1367 முதல் அந்த ஹான்சா நகரங்களோடேயே போர். கப்பல் வராவிட்டால் மாவு வராது. உயர்ந்த மதிலும் ஆழ்ந்த கிணறும் இருந்தும் களஞ்சியம் வெறுமையானது இப்படித்தான்.

அந்தப் பசியில் பிறந்த மகனே பின்னர் டென்மார்க்கையும் நார்வேயையும் ஒரே முடியின்கீழ் கொண்டுவந்தான். 1387-இல் அவன் இளவயதில் இறந்ததும் தாயே பொறுப்பை ஏற்றாள். 1397-இல் கால்மார் நகரில் மூன்று வடபுல நாடுகளும் ஒன்றிணைந்தபோது அதன் பின்னால் இருந்த மூளை மார்கிரேத்தே. ஆனால் அந்த இணைப்போடு அரச அவை நார்வேயை விட்டு நகர்ந்தது; காலப்போக்கில் கோபன்ஹேகனே ஆட்சியின் மையமாயிற்று. அதன்பின் ஆகர்ஷூஸ் தொலைவிலிருந்து ஆளும் மன்னரின் ஆளுநர் தங்கும் இடம். காவல் அதேதான், யார் சார்பில் காவல் என்பது மாறிவிட்டது.

உள்நாட்டவரே அதைக் கைப்பற்றியதும் உண்டு. 1502-இல் நார்வேப் பிரபு க்னூட் அல்வ்சன் டென்மார்க் மன்னருக்கு எதிராக எழுந்து ஆகர்ஷூஸைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், பாதுகாப்பு உறுதிமொழி தந்து பேச்சுவார்த்தைக்கு அழைத்த எதிரணித் தளபதியின் கப்பலில் அவர் கொல்லப்பட்டார். கோட்டையை வைத்திருந்தவர், எதிரி கொடுத்த வாக்கை நம்பி வெளியே வந்தார், அவ்வளவுதான்.

முற்றுகைகளும் கணக்கும்

இனி அந்தப் புகழ்பெற்ற முற்றுகைகள். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது 1531. டென்மார்க்கிலிருந்து விரட்டப்பட்ட மன்னர் இரண்டாம் கிறிஸ்டியான், இழந்த முடியை மீட்க நெதர்லாந்திலிருந்து கப்பல்களோடு புறப்பட்டார். வழியில் புயல் கப்பல்களைச் சிதறடித்தது. நவம்பரில் ஓஸ்லோ வந்து சேர்ந்தவரை நார்வேயின் பேராயரும் பிரபுக்களும் வரவேற்றார்கள். நாடு அவர் பக்கம். கோட்டை மட்டும் இல்லை. உள்ளே கோட்டைத்தலைவர் மோகன்ஸ் கில்டன்ஸ்டியர்னே சிறு படையோடு இருந்தார். சண்டையிட்டிருந்தால் ஒருவேளை வீழ்ந்திருப்பார். அவர் பேசினார். கோபன்ஹேகனிலிருந்து உதவி வராவிட்டால் ஒப்படைக்கிறேன் என்ற பாணியில் தவணை கேட்டார். மன்னர் தவணை கொடுத்தார். அந்தக் குளிர்காலத்துக்குள் கோட்டைக்கு உதவிப்படை வந்து சேர்ந்துவிட்டது. கிறிஸ்டியான் தாக்கத் தொடங்கியபோது மதிலை உடைக்கப் போதிய பீரங்கி அவரிடம் இல்லை. வசந்தத்தில் டென்மார்க் கடற்படை வந்தது. 1532 ஜூலையில் பாதுகாப்பு உறுதிமொழியை நம்பி அவர் கோபன்ஹேகனுக்குக் கப்பலேறினார். உறுதிமொழி காற்றில் போயிற்று. 1559-இல் இறக்கும்வரை கைதியாகவே இருந்தார்.

இந்த வெற்றிக்கு ஒரு துணைக்கணக்கு உண்டு. கோட்டைக்கு எதிரே கடலில் ஹொவெதோயா தீவில் 1147 முதல் ஒரு சிஸ்டெர்சியத் துறவிமடம் இருந்தது. அதன் மடத்தலைவர் கிறிஸ்டியான் பக்கம் சாய்ந்தார் என்பதால் 1532-இல் கில்டன்ஸ்டியர்னேயின் ஆட்கள் மடத்தைக் கொள்ளையிட்டு எரித்தார்கள். பின்னர் அதன் கற்கள் ஆகர்ஷூஸின் கட்டுமானத்துக்கே கொண்டுபோகப்பட்டன. சில ஆண்டுகளில் நார்வே தனியாட்சித் தகுதியை இழந்து டென்மார்க் ஆளும் மாநிலம் போலாயிற்று. கோட்டை வென்றது, அதைக் கட்டிய அரசு தோற்றது.

இரண்டாவது 1567. வடபுல ஏழாண்டுப் போரில் சுவீடன் படை பிப்ரவரியில் ஓஸ்லோவுக்கு வந்தது. கோட்டைத்தலைவர் கிறிஸ்டன் முன்க், எதிரிக்குக் குளிரில் ஒதுங்கக் கூரையும் தின்ன உணவும் கிடைக்கக்கூடாது என்று கருதினார். நகரம் எரிக்கப்பட்டது, காப்பவர் தரப்பாலேயே. படைத்துறைக் கணக்கில் அது சரியான முடிவாகவே இருக்கலாம்: பனிக்காலத்தில் வீடில்லாத முற்றுகைப் படை நெடுநாள் நிற்க முடியாது. சுவீடன் படை திரும்பியது, ஆகர்ஷூஸ் தப்பியது. ஆனால் பிப்ரவரிக் குளிரில் அந்த மரவீடுகளின் சொந்தக்காரர்களும் கூரையில்லாமல்தான் நின்றார்கள். 1287-இல் பகைவன் எரித்த நகரத்தை 1567-இல் காவலன் எரித்தான்.

மூன்றாவது 1716. சுவீடனின் பன்னிரண்டாம் கார்ல், ஐரோப்பாவையே கலக்கிய போர்வீர மன்னர், மார்ச் மாதம் நகருக்குள் நுழைந்தார். நகரைப் பிடிப்பதில் அவருக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. கோட்டை மட்டும் மீண்டும் கைக்கெட்டாமல் நின்றது. பனி மலைவழிகளில் கனமான முற்றுகைப் பீரங்கிகளை இழுத்துவர முடியவில்லை. பின்னிருந்து வரவேண்டிய உணவும் வெடிமருந்தும் தடைபட்டன. ஒரு மாதத்துக்கு மேல் நகரத் தெருக்களில் சுவீடன் வீரர்கள், மதில்மேல் கோட்டைப் பீரங்கிகள், இரண்டுக்கும் நடுவே மக்கள். ஏப்ரல் இறுதியில் கார்ல் பின்வாங்கினார். 1718-இல் மறுபடி வந்து, எல்லையில் உள்ள ஃபிரெட்ரிக்ஸ்தேன் கோட்டையின் முன் பதுங்குகுழியில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார்.

மூன்றிலும் ஒரே வாய்பாடு தெரிகிறதல்லவா? எதிரியின் பீரங்கியும் உணவும் தீரும்வரை தாங்கிக்கொள்வது. கோட்டையின் வேலை எதிரியை அழிப்பதல்ல, அவனுக்கு நாள் தீர்ந்துபோகச் செய்வது. அந்த நாட்களைக் கழிக்க வேண்டிய இடமாக நகரம் இருந்தது.

நகரமே இடம்பெயர்ந்தது

1624 ஆகஸ்டில் ஓஸ்லோவில் தீப்பிடித்தது. மூன்று நாள் எரிந்தது. இந்த முறை பகைவரும் இல்லை, காவலரும் இல்லை, மரவீடுகளின் விதி. டென்மார்க்-நார்வே மன்னர் நான்காம் கிறிஸ்டியான் நேரில் வந்தார். பழைய இடத்தில் மீண்டும் வீடு கட்டக்கூடாது. விரிகுடாவுக்கு மேற்கே, கோட்டையின் காலடியில் புது நகரம் எழ வேண்டும் என்று ஆணையிட்டார். குறுக்கும் நெடுக்குமாக நேர்க்கோட்டுத் தெருக்கள், தீ தாவாதபடி அகலமான வீதிகள், மரத்துக்குப் பதில் செங்கல். நகரத்துக்குத் தன் பெயரையே வைத்தார்: கிறிஸ்டியானியா. செங்கல் வீடு கட்ட வசதியில்லாதவர்கள் நகர எல்லைக்கு வெளியே மரக்குடிசைகளில் தங்கினார்கள்.

இந்த மன்னர் நமக்கு அயலார் அல்லர். இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1620-இல், இவருடைய கப்பல்களே சோழமண்டலக் கரைக்கு வந்தன. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு தரங்கம்பாடியில் டேனியர் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை இவர் காலத்தது. அப்போது டென்மார்க்கும் நார்வேயும் ஒரே முடியின்கீழ் இருந்தன. கடலோரத்தில் ஒரு கோட்டை, அதன் அருகில் நேர்த்தெருக்களோடு ஒரு நகரம், அதைக் காட்டி வணிகம், வரி, அதிகாரம் என்ற திட்டம் வடகடலிலும் வங்கக்கடலிலும் ஒரே தலைமுறையில் செயலுக்கு வந்தது. தரங்கம்பாடியைப் பார்த்தவர்கள் கிறிஸ்டியானியாவின் எண்ணத்தைப் பாதி புரிந்துகொண்டவர்கள்.

பழைய இடைக்காலக் கோட்டையும் இக்காலத்தில் உருமாறியது. பீரங்கி யுகத்துக்கேற்பச் சுற்றிலும் கொத்தளங்கள் எழுந்தன; உள்ளே இருந்த அரண் அரச விருந்துக்குரிய மறுமலர்ச்சிக்கால மாளிகையாயிற்று.

கோட்டை அருகில் இருப்பது நகரத்துக்குப் பாதுகாப்பு என்று மன்னர் நினைத்தார். அருகில் இருக்கும் வீடு எதிரிக்கு மறைவிடம் என்று கோட்டைப் பொறியாளர்கள் நினைத்தார்கள். 1686-இல் கிறிஸ்டியானியாவில் பெருந்தீ மூண்டபோது இந்த முரண்பாடு வெளிப்பட்டது. கோட்டையை ஒட்டி எரிந்துபோன மனைகளில் மறுபடி கட்ட இசைவு இல்லை. பீரங்கி சுடுவதற்குத் திறந்தவெளி வேண்டும். நகரின் தலைமைத் தேவாலயமும் பழைய இடத்தில் எழவில்லை. சற்றுத் தள்ளி, இப்போதுள்ள சந்தைச் சதுக்கத்தில் புதிதாகக் கட்டப்பட்டு 1697-இல் அர்ச்சிக்கப்பட்டது. ஓஸ்லோவின் இன்றைய நகரமைப்பில் கோட்டையின் சுடுவெளி ஒரு கோடாகப் பதிந்திருக்கிறது.

உள்நோக்கித் திரும்பிய மதில்

பதினெட்டாம் நூற்றாண்டில் போர்கள் குறையக் குறைய மதிலின் பயன் உள்நோக்கித் திரும்பியது. வெளியிலிருந்து யாரும் வராமல் காத்த சுவர், உள்ளிருந்து யாரும் போகாமல் காத்தது. ஆகர்ஷூஸ் நாட்டின் அச்சந்தரும் சிறையானது. காலில் இரும்புச் சங்கிலியோடு கடுங்காவல் கைதிகள் கோட்டையிலும் நகரிலும் வேலை செய்தார்கள். மக்கள் அவர்களை அடிமைகள் என்றே அழைத்தார்கள்.

முற்றுகைகளில் தளபதிகள் பெயர் நிலைத்தது போல இந்தக் காலத்தில் திருடர்கள் பெயர் நிலைத்தது. யெஸ்ட் போர்ட்சன் பல முறை சிறை உடைத்துத் தப்பியவர். 1827-இல் வாழ்நாள் தண்டனையோடு இங்கு வந்து, உள்ளேயே அமர்ந்து தன் வரலாற்றை எழுதினார். 1845-இல் மன்னிப்புப் பெற்று வெளியேறியபின் தன் நூல்களைத் தானே ஊர் ஊராக விற்றார். ஊலே ஹெய்லன் 1835 புத்தாண்டையொட்டி நார்வே வங்கியின் கிறிஸ்டியானியா அலுவலகத்தைக் கொள்ளையடித்து நாட்டையே அதிர வைத்தார். பன்னிரண்டாம் கார்லால் உடைக்க முடியாத கோட்டையை இவர் 1839-இல் உள்ளிருந்து துளைத்துத் தப்பினார். மறுபடி பிடிபட்டு, 1848-இல் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். திருடன் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏழை விவசாய நாட்டில் கோட்டை என்ற சொல்லைக் கேட்டதும் எளிய மக்களுக்கு நினைவுக்கு வந்தது அரசரல்ல, சங்கிலி. அந்தச் சங்கிலியை அறுத்தவன் நாட்டுப்புறக் கதையில் நாயகனானதில் வியப்பில்லை.

1814-இல் டென்மார்க் மன்னர் போரில் தோற்று நார்வேயைச் சுவீடனுக்கு விட்டுக்கொடுத்தார். நார்வே மக்கள் பிரதிநிதிகள் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் கூடி மே 17 அன்று தங்கள் அரசமைப்பை இயற்றினார்கள். கோடையில் குறுகிய போர், ஆகஸ்டில் உடன்பாடு. ஆகர்ஷூஸ் முற்றுகையே காணவில்லை. நாட்டைக் காத்தது அந்த முறை ஒரு சட்டநூல். சுவீடன் மன்னரை ஏற்றபோதும் அரசமைப்பைக் கைவிடாததால்தான் 1905-இல் நார்வேயால் சண்டையின்றிப் பிரிய முடிந்தது. புது மன்னராக வந்த டேனிய இளவரசர் கார்ல், ஏழாம் ஹோகோன் என்று பெயர் சூட்டிக்கொண்டார். ஆறாம் ஹோகோன் வேறு யாருமல்லர், மார்கிரேத்தேயின் கடிதத்தைப் பெற்ற கணவர்தான். 1380-இல் நின்றுபோன எண்ணிக்கை ஐந்து நூற்றாண்டு கழித்துத் தொடர்ந்தது.

ஒரு விடியற்காலை, ஐந்து ஆண்டுகள்

1940 ஏப்ரல் 9 விடியற்காலை. ஜெர்மன் போர்க்கப்பல் ‘ப்ளூஹர்’ தலைநகரைப் பிடிக்கும் படைகளோடு ஓஸ்லோ ஃபியோர்டில் ஏறி வந்தது. மன்னரையும் அரசையும் அன்று காலையிலேயே கைப்பற்றுவது திட்டம். நகருக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர் தெற்கே, ட்ரோபாக் என்ற குறுகலான நீரிணையில் ஆஸ்கர்ஸ்போர்க் என்ற தீவுக்கோட்டை. அதன் பெரும்பீரங்கிகள் 1890-களில் வந்தவை. ஓய்வை நெருங்கிய கர்னல் பிர்கர் எரிக்சன் தலைவர். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் அவர் சுடச் சொன்னார். இரண்டு குண்டுகளும் கரையிலிருந்து ஏவிய நீர்மூழ்கிக் கணைகளும் புத்தம்புதிய கப்பலை மூழ்கடித்தன.

தலைநகரம் தப்பவில்லை. விமானங்களில் இறங்கிய ஜெர்மன் வீரர்கள் அன்று பிற்பகலே ஓஸ்லோ வீதிகளில் அணிவகுத்தார்கள். ஆகர்ஷூஸ் ஒரு குண்டும் சுடாமல் கைமாறியது. ஆனால் ஆஸ்கர்ஸ்போர்க் வாங்கித் தந்த சில மணிநேரத்தில் மன்னர், அமைச்சர்கள், நாடாளுமன்றத்தினர் ரயிலேறி வடக்கே போய்விட்டார்கள். வங்கியின் தங்கமும் லாரிகளில் போயிற்று. சட்டப்படியான அரசு நாட்டுக்கு வெளியே போய் ஐந்து ஆண்டுகள் லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்தது. 1531-இல் கில்டன்ஸ்டியர்னே பேச்சால் வாங்கியதை 1940-இல் எரிக்சன் பீரங்கியால் வாங்கினார்: நேரம். விலை கொடுத்தது வழக்கம்போல ஓஸ்லோ, ஐந்து ஆண்டு ஆக்கிரமிப்பாக.

அந்த ஐந்து ஆண்டுகளில் ஆகர்ஷூஸ் தன் வரலாற்றின் இருண்ட பக்கங்களைப் பார்த்தது. 1942 பிப்ரவரி 1 அன்று, ஜெர்மானியரின் கையாளான வித்குன் குவிஸ்லிங் அரசுத்தலைவராகப் பொறுப்பேற்ற விழா இந்த மாளிகைக்குள்ளேயே நடந்தது. பழைய மன்னர்களின் கூரையின்கீழ் நின்றால் தனக்கும் அந்த உரிமை வந்துவிடும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அதே வளாகத்தில் எதிர்ப்பியக்கத்தினர் சிறைவைக்கப்பட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்ட இடத்தில் இன்று நினைவுச்சின்னம் இருக்கிறது.

1945 மே 11 அன்று கோட்டை மறுபடி கைமாறியது. வாங்க வந்தவர் டெர்யே ரொல்லெம் என்ற இளைஞர், தலைமறைவுப் படையைச் சேர்ந்தவர். எதிரே மிடுக்கான சீருடையில் ஜெர்மன் மேஜர். ரொல்லெம் உடுத்தியிருந்தது மலையேறுவோர் போடும் முழங்கால் காற்சட்டையும் காற்றுச்சட்டையும். அந்தப் புகைப்படம் நார்வே மக்கள் மனத்தில் விடுதலையின் படமாகவே நிலைத்துவிட்டது. எழுநூறு ஆண்டு வரலாற்றில் கோட்டையின் திறவுகோலை ஒரு சாதாரணக் குடிமகன் தன் நாட்டின் பெயரால் வாங்கிக்கொண்ட தருணம் அது. குவிஸ்லிங் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, அக்டோபர் 24 அன்று அதே கோட்டைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நகரம் உள்ளே வந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாளிகை பாதி பாழாய்க் கிடந்தது. கட்டடக் கலைஞர் ஹொல்கர் சிண்டிங்-லார்சன் ஒவ்வொரு சுவராக ஆராய்ந்து மீட்புப் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் ஆர்ன்ஸ்டைன் ஆர்னெபெர்க் அதை 1960-கள் வரை தொடர்ந்தார். சிறை 1950-இல் மூடப்பட்டது. 1970-இல், விடுதலையின் வெள்ளிவிழாவையொட்டி, எதிர்ப்பியக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சகம் இன்றும் இந்த வளாகத்தில் இயங்குகிறது. அரசு விருந்துகள் பழைய மண்டபங்களில் நடக்கின்றன. ஆர்னெபெர்க் அமைத்த நிலவறையில் ஏழாம் ஹோகோனும் அரசி மவுதும், ஐந்தாம் ஓலாவும் இளவரசி மார்த்தாவும் துயில்கிறார்கள். கோட்டையை நிறுவிய ஐந்தாம் ஹோகோனுடையவை என்று கருதப்படும் எலும்புகளும் அங்கேதான் இருக்கின்றன. 1925-இல் நகரமும் கிறிஸ்டியானியா என்ற மன்னர் பெயரைக் களைந்து ஓஸ்லோ என்ற தன் பழம்பெயருக்குத் திரும்பியது.

கோட்டை மதில்மேல் இன்று நுழைவுக்கட்டணமின்றி யாரும் நடக்கலாம். மதிய உணவுப் பொட்டலத்தோடு அலுவலர்கள் வருகிறார்கள். கோடையில் கச்சேரி நடக்கிறது. பீரங்கிக்காக வீடுகளை அகற்றிய சுடுவெளிதான் இப்போது நெரிசல் நகரின் நடுவே மக்களுக்குக் கிடைத்த புல்வெளி. இதை வரலாற்றின் கருணை என்று சொல்லமாட்டேன். தவணை முறையில் திரும்பக் கொடுக்கப்பட்ட கடன் என்பேன்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டைகளைப் பற்றி எழுதும்போது மதிலின் உயரத்தையும் முற்றுகையின் முடிவையும் குறிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த முற்றுகையின்போது மதிலுக்கு வெளியே இருந்தவர் யார், களஞ்சியத்தில் எத்தனை மாதத் தானியம் இருந்தது, எரிந்த வீட்டுக்கு யார் ஈடு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஆவணங்களில் விடை இருக்கும். பசித்த அரசியின் கடிதம் கிடைத்திருக்கிறது, சந்தைச் சதுக்கத்துக்கு நகர்ந்த தேவாலயம் நிற்கிறது. ஆகர்ஷூஸ் வீழாத கோட்டை என்பது பாதி வரலாறு. அது வீழாமலிருக்க ஓஸ்லோ எத்தனை முறை வீழ்ந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு வரலாறு. நம் கோட்டைகளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் ஆய்வுகள் இந்த வரலாற்றுத் துறையிலிருந்து வரவேண்டும்.